கத்தி ஒரு வாரம்கூடக் கூர் நிற்பதில்லை, பென்சில் முனை உடைந்துகொண்டே இருக்கிறது. என்ன கல் வாங்குவது?

அடுப்படிவாசி:

வணக்கம். வீட்டில் இரண்டு எவர்சில்வர் கத்தி, சந்தையில் பட்டறைக்காரரிடம் வாங்கிய இரும்புக் கத்தி ஒன்று, அம்மா கொடுத்த அரிவாள்மணை ஒன்று இருக்கின்றன. நான்கும் தக்காளியை நசுக்குகின்றனவே தவிர நறுக்குவதாக இல்லை. தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுத்தால் அன்றைக்கு நன்றாக வெட்டுகிறது, அந்த வாரம் முடிவதற்குள் பழையபடி ஆகிவிடுகிறது. ஆன்லைனில் ஒரு சாதனம் வாங்கினேன், பிளாஸ்டிக் பிடி, நடுவில் வி வடிவப் பள்ளம், அதில் கத்தியை விட்டு இழுக்க வேண்டும். இழுத்தால் இரும்புத் துகள் கொட்டுகிறது, கூர் வந்தது போலவும் இருக்கிறது, ஆனால் நறுக்கும்போது கத்தி அங்கங்கே பிடித்துப் பிடித்து இழுக்கிறது.

சரி, கல்லே வாங்கிவிடலாம் என்று தேடினால் 400, 1000, 3000, 6000, 8000 என்று நம்பர் போய்க்கொண்டே இருக்கிறது, விலையும் கூடவே ஏறுகிறது. எண்ணெய்க் கல், தண்ணீர்க் கல், வைரத் தகடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஹார்டுவேர் கடையில் கேட்டால் கறுப்பாக ஒரு கல்லை எடுத்து வைத்து "எல்லாத்துக்கும் இதுதான்" என்கிறார்.

கூடவே இன்னொன்று. மகள் ஏழாவது படிக்கிறாள், பென்சில் ஓவியம் பழகுகிறாள். 4பி, 6பி பென்சில்கள். ஷார்ப்னரில் போட்டால் முனை உள்ளேயே ஒடிந்து மாட்டிக்கொள்கிறது, பாதிப் பென்சில் சீவியே தீர்கிறது. கத்தியால் சீவச் சொன்னாராம் டிராயிங் சார். வீட்டுக் கத்திகளின் லட்சணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

எதை வாங்குவது, எப்படித் தீட்டுவது, யாராவது விவரமாகச் சொல்லுங்கள். வீடியோ லிங்க் மட்டும் வேண்டாம், பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

மரத்தூள்:

தச்சு வேலை செய்கிறவன். உளியும் இழைப்புளியும் தீட்டாமல் எனக்குப் பொழுது விடியாது, அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்லை அப்புறம் பார்க்கலாம். காயை எதன் மேல் வைத்து நறுக்குகிறீர்கள்? கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு, கண்ணாடிப் பலகை, இதில் ஏதாவது ஒன்று என்றால் எவ்வளவு விலையில் கல் வாங்கினாலும் வீண். கிரானைட்டில் இருக்கிற குவார்ட்ஸ் கத்தி இரும்பைவிடக் கெட்டி, தீட்டிய முனை, அதாவது வெட்டுகிற ஓரம், அதில் இடித்த மாத்திரத்தில் மடங்கிவிடும். மரப்பலகை வாங்குங்கள். கறிக்கடைக்காரர்கள் புளியமரக் கட்டை போட்டிருப்பது சும்மா இல்லை, இழை பின்னிக் கிடப்பதால் சீக்கிரம் பிளக்காது, கத்தியையும் கெடுக்காது. தேக்குப் பலகை பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் தேக்கில் சிலிகா இருக்கிறது, எங்கள் இழைப்புளியே தேக்கு இழைக்கும்போதுதான் சீக்கிரம் மழுங்கும். அப்புறம் நறுக்கிய வெங்காயத்தைக் கத்தி முனையாலேயே வழித்து வாணலியில் தள்ளுகிற பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள். எலுமிச்சையும் புளியும் பட்ட இரும்புக் கத்தியைக் கழுவாமல் ராத்திரி முழுக்க சிங்கில் போட்டாலும் முனை அரித்துப்போகும்.

இப்போது கல். கடைக்காரர் எடுத்து வைத்தது கார்பரண்டம் கல்லாக இருக்கும், 8 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 1 அங்குலக் கனம், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் கொஞ்சம் நைஸ். இந்தச் சரக்கு சிலிக்கன் கார்பைடு, 1891இல் எட்வர்ட் அச்சிசன் என்கிற அமெரிக்கர் செயற்கை வைரம் செய்யலாம் என்று களிமண்ணையும் கரியையும் மின்சாரம் பாய்ச்சிக் காய்ச்சியபோது கிடைத்தது. வைரம் வரவில்லை, உலகத்துப் பட்டறைகளுக்கெல்லாம் கல் வந்தது. அரிவாள்மணைக்கும், பல் விழுந்த கத்திக்கும் அது போதும், தாராளமாக வாங்கி வையுங்கள். ஆனால் தக்காளிக் கத்தியை அதோடு நிறுத்தினால் முனையில் கோடு கோடாக இருக்கும், தோலில் வழுக்காமல் இறங்காது. அதற்கு ஒரே ஒரு தண்ணீர்க் கல் (தண்ணீர் விட்டுத் தீட்டுகிற கல்), ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 3000 அல்லது 6000. நம்பர் ஏற ஏறக் கல் நைஸ். வீட்டுக் கத்திக்கு 8000 எல்லாம் காசுக்குப் பிடித்த கேடு. சாதாரண எவர்சில்வர் அந்த மினுமினுப்பைத் தாங்கி நிற்காது, தக்காளித் தோலுக்கும் கொஞ்சம் கடி இருக்கிற முனைதான் நல்லது.

சாய்வு. ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி என்று எங்கேயும் போட்டிருப்பான், கோணமானியை வைத்துக்கொண்டா தீட்ட முடியும்? கத்தியின் அகலத்தை அளந்து பாருங்கள். 4 செ.மீ. அகலமான கத்தியைக் கல்லில் படுக்க வைத்து முதுகை 1 செ.மீ. தூக்கினால் ஏறக்குறைய 15 டிகிரி, 1.4 செ.மீ. தூக்கினால் 20. எவர்சில்வருக்கு 20 பக்கம் போங்கள். கை பழகும்வரை முனையோரம் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். முனையில் கறுப்பு அப்படியே இருந்து மேலே மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் தூக்க வேண்டும், முனை மட்டும் அழிந்து மேலே கறுப்பு நின்றால் ரொம்பத் தூக்கிவிட்டீர்கள்.

இனிதான் விஷயமே. பெரும்பாலோர் கோட்டை விடுகிற இடம் பிசிறு. ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால் எதிர்ப்பக்கம் முனை நெடுக இரும்பு மெல்லிய இழையாக மடிந்து நிற்கும், அதுதான் பிசிறு. கட்டைவிரலை முதுகுப் பக்கம் இருந்து முனையைத் தாண்டி வெளியே போகிறபடி குறுக்கே தடவினால் விரலில் லேசாகத் தட்டும். முனை நெடுக விரலை ஓட்டாதீர்கள், வெட்டிவிடும். பிடியோரத்தில் இருந்து நுனி வரை எல்லா இடத்திலும் தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. நடுவில் ஓரிடத்தில் தட்டவில்லை என்றால் அங்கே பழைய மழுங்கல் அப்படியே இருக்கிறது, திரும்பவும் தேய்க்க வேண்டும், வேறு வழியே கிடையாது. பிறகு கத்தியைத் திருப்பி மறுபக்கமும் அப்படியே. அதன்பின் 3000 பக்கத்தில் அழுத்தமே இல்லாமல், கத்தியின் சொந்தக் கனம் மட்டும் படும்படி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு தளர்ந்து உதிரும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் முனை பின்னால் வரும்படி நாலைந்து இழுப்பு.

பிசிறோடு விட்ட கத்தி அன்றைக்குப் பிரமாதமாக வெட்டும். அந்த இழை நிமிர்ந்து நிற்கிறவரைதான் அதெல்லாம், மடங்கி ஒடிந்தால் கத்தி முன்பைவிட மோசம். உங்கள் சாணைக்காரர் கதை இதுவாகத்தான் இருக்கும். அவரிடம் கொடுக்காதீர்கள், கத்தியைத்தான் தேய்த்துத் தேய்த்துக் குறைப்பார்.

தேநீர்க்கோப்பை:

இவ்வளவு எதற்கு? பீங்கான் கப்பைக் கவிழ்த்துப் போடுங்கள், அடியில் பளபளப்பு இல்லாத சொரசொர வளையம் இருக்கும், அதில் கத்தியை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு வேலையைப் பாருங்கள். எங்கள் வீட்டில் கல்லே கிடையாது.

டூல்ரூம்:

ஃபேக்டரி டூல்ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தேநீர்க்கோப்பை சொல்வது வேலை செய்யும், அவசரத்துக்கு. முற்றிலும் மழுங்கிய கத்தியை அதில் மீட்க முடியாது, ஏற்கனவே சரியாகத் தீட்டிய கத்தியை அவ்வப்போது சரிக்கட்டத்தான்.

மரத்தூள் தம்பி சொன்னதில் கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். எல்லாச் சாணைக்காரரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. காலால் மிதித்துச் சுற்றுகிற சக்கரம் நிதானமாகத்தான் ஓடும், அதில் கத்தி அவ்வளவு சீக்கிரம் சூடேறாது. கெடுப்பது மோட்டார் சக்கரம். நிமிஷத்துக்கு 2800 சுற்றுக்கு மேல் ஓடுகிறவை உண்டு, காய்ந்த கல், தண்ணீரும் தொடுவதில்லை, பொறி பறக்கப் பறக்க வைத்து அழுத்துவார்கள். முனை மெலிந்த இடம், சூடு முதலில் ஏறுவது அங்கேதான். இரும்புக் கத்தி முதலில் வைக்கோல் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, அப்புறம் ஊதா, கடைசியில் நீலம். நீலம் வந்தால் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள், கத்தியைக் கெட்டியாக்கிய பிறகு பதம் போட, அதாவது அளவாகத் திரும்பச் சூடேற்ற, கொடுத்த சூடு அதைவிடக் குறைவு, ஆகவே பதம் போய்விட்டது. எமரி பேப்பர் (உப்புத்தாள்) போட்டுத் தேய்த்தால் நிறம் போகும், மெதுத்தன்மை போகாது. அந்த இடம் தேய்ந்து தீர்கிறவரைக்கும் என்ன தீட்டினாலும் கூர் நிற்காது. இரும்புக் கத்தியின் முனையை வெளிச்சத்தில் பாருங்கள், எங்காவது நீலத் திட்டு இருக்கிறதா? இருந்தால் காரணம் பிசிறு மட்டும் இல்லை.

காலால் மிதிக்கிறவரிடம் பல் விழுந்த கத்தியைக் கொடுங்கள், அந்தப் பெரிய வேலையைக் கையால் செய்தால் தோள்பட்டை கழன்றுவிடும். "சக்கரத்தோட விடுங்க, நைஸ் கல் நான் போட்டுக்கிறேன்" என்று சொல்லிக் கூடவே நில்லுங்கள். அந்தக் காலத்துச் சாணைச் சக்கரத்தைக் குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்துச் செய்தார்கள், அந்தக் குருந்தக்கல் நம்ம நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி வட்டாரத்தில் கிடைப்பதுதான். இப்போது வருவதெல்லாம் ஆலைச் சக்கரம்.

வி பள்ளச் சாதனத்தில் இரண்டு கார்பைடுத் தகடு எக்ஸ் வடிவில் நிற்கும். அது தீட்டுவதில்லை, முனையைச் செதுக்கி உரிக்கிறது, உரித்த இடம் மேடும் பள்ளமுமாகப் போவதால்தான் உங்களுக்குக் காயில் பிடித்து இழுக்கிறது. கறிக்கடையில் இடுப்பில் தொங்குகிற எஃகுக் கம்பி வேறு சமாச்சாரம். மடங்கிய முனையை அது நிமிர்த்தும், இரும்பை அநேகமாக எடுக்காது, அதனால்தான் அவர்கள் நாலு வெட்டுக்கு ஒரு தடவை அதில் தட்டிக்கொள்கிறார்கள். மழுங்கிப்போன கத்திக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

கூர் வந்துவிட்டதா என்று பார்க்க விரலைக் கொண்டுபோக வேண்டாம். டியூப்லைட்டுக்குக் கீழே முனையை நேரே கண்ணுக்கு எதிராகப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். மழுங்கிய இடத்தில் வெள்ளையாக ஒரு கோடோ புள்ளியோ மின்னும். கூரான முனையில் வெளிச்சம் தங்க இடம் கிடையாது, ஒன்றும் தெரியாது.

பனங்காட்டான்:

கல்லே இல்லாமல் தீட்டுகிற ஒரு முறையைச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில் இல்லைதான். எங்கள் வீட்டில் தாத்தா, பெரியப்பா எல்லாரும் பனையேறிகள், தூத்துக்குடி ஜில்லா. பாளை சீவுகிற அருவாளுக்குக் கல்லில் தீட்டிய கூர் போதாது. மரப்பலகை ஒன்று வைத்திருப்பார்கள், வெங்கச்சங்கல்லை, அதாவது வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லை, இடித்துச் சலித்து மாவாக்கி அந்தப் பலகையில் தூவி, அதன் மேல் அருவாளை வைத்து முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். பலகை மெது, பொடி கெட்டி. பொடி பலகையில் பாதி புதைந்து பாதி வெளியே நிற்கும், அதனால் ஆழமாகக் கீறாமல் சீராகத் தேயும். ஓட்டுகிற ஓசையிலேயே தெரியும், முதலில் கரகரவென்று இருப்பது போகப்போக இழைந்து ஒரே இழுப்பாகக் கேட்கும், பொடியும் நசுங்கி நைஸாகிவிடுகிறது இல்லையா, அதுதான் காரணம்.

ஏன் அவ்வளவு கூர் என்றால், பாளை நுனியைக் காலையும் மாலையும் ஒரு சீவல், காகிதக் கனத்தில் எடுக்க வேண்டும். மழுங்கின அருவாளால் சீவினால் பாளை நசுங்கி நார் கிழிந்து கண் அடைத்துக்கொள்ளும், பதநீர் சொட்டாது. கனமாகச் சீவினாலோ பாளை சீக்கிரம் தீர்ந்து அந்த மரத்தில் சீசனே முடிந்துவிடும். மரத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு திரும்பத் தீட்ட முடியாது, கீழே இறங்கி வரவும் முடியாது, ஆகவே ஏறுவதற்கு முன் பலகையில் முடித்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

வெங்கச்சங்கல்லுக்கு அலைய வேண்டாம், வாகனங்களுக்குப் பாலிஷ் போடுகிற பேஸ்ட்டை வேப்பம்பலகையில் தடவினால் இதே காரியம் நடக்கும். மரத்தூள் சொன்ன பெல்ட்டும் இந்த வேலைதான்.

அடுப்படிவாசி:

எல்லாருக்கும் நன்றி. கிரானைட் மேடையில்தான் நறுக்கிக்கொண்டிருந்தோம், இன்றைக்கே பலகை வாங்கியாகிவிட்டது. இரும்புக் கத்தியின் நடுவில் நீலம் மாதிரி ஒரு திட்டு நிஜமாகவே இருக்கிறது டூல்ரூம் சார், ஒன்றரை அங்குல நீளத்துக்கு.

தண்ணீர்க் கல் வந்து சேர நாளாகும் போலிருக்கிறது. அதுவரை பெயிண்ட் கடையில் கிடைக்கிற வாட்டர் பேப்பரை (தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) ஒட்டிவைத்துத் தீட்டலாமா? 2000 நம்பர் பேப்பர் என்றால் 2000 கல்லுக்குச் சமமா?

பென்சில் விஷயத்தை யாரும் தொடவில்லையே!

கோட்டோவியம்:

தொடுகிறேன். ஓவிய வகுப்பு எடுக்கிறேன், பிள்ளைகள் எல்லாரும் கொண்டுவருகிற பிரச்சினை இது.

முதலில் பென்சிலைப் பாருங்கள், பிறகு ஷார்ப்னரை. பென்சிலின் பின்புறத்தை நேரே பார்த்தால் கறுப்புக் குச்சி நட்டநடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கி இருந்தால் எந்த ஷார்ப்னரில் போட்டாலும் ஒரு பக்கம் மரம் முனை வரை ஏறி நிற்கும், மறுபக்கம் குச்சி வெறுமையாகி ஒடியும். கடையில் ஒரு பெட்டியில் இருந்து நான்கைந்தை எடுத்துப் பார்த்து வாங்குங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது, கீழே விழுந்த பென்சில். வெளியே ஒரு கீறல் இருக்காது, உள்ளே குச்சி துண்டு துண்டாக விரிசல் விட்டிருக்கும். சீவச் சீவத் துண்டாகக் கழன்று வரும், ஷார்ப்னரைக் குறை சொல்வோம். பென்சில் டப்பாவைப் பையில் போட்டுக் குலுக்கிக்கொண்டு ஓடுகிற வயசு, 6பி தாங்காது. மெத்தென்ற துணியில் சுருட்டி வைக்கப் பழக்குங்கள்.

பென்சில் குச்சி என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. பி எண் ஏற ஏறக் களிமண் குறையும், கிராஃபைட் கூடும், ஆகவே கறுப்பும் கூடும், பலமும் குறையும். 6பி ஒடிவது அதன் பிறவிக்குணம். எச்பி பென்சிலைச் சீவுகிற அதே ஷார்ப்னரில், அதுவும் ஏற்கனவே மழுங்கிய தகட்டில், 6பியைத் திருகினால் அது சீவப்படுவதில்லை, முறுக்கப்படுகிறது. ஷார்ப்னர் தகடும் கத்திதான் என்பதை யாரும் நினைப்பதே இல்லை. மரம் நீளமாக ஒரே சுருளாக வந்தால் தகடு நன்றாக இருக்கிறது. பொடிப்பொடியாக உதிர்ந்தால் அதைத் தூக்கிப்போடுங்கள், தீட்டுகிறேன் என்று உட்காராதீர்கள். தகடு மாற்றக்கூடிய உலோக ஷார்ப்னர்கள் கிடைக்கின்றன, ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் செய்கிற கும் கம்பெனியின் மெக்னீசிய ஷார்ப்னர் வருஷக்கணக்கில் உழைக்கும், ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றினால் தகடு மாற்றலாம். போடும்போது ஷார்ப்னரைச் சுற்றாமல் பென்சிலைச் சுற்றச் சொல்லுங்கள், அழுத்தாமல்.

ஆனால் உங்கள் மகளின் டிராயிங் சார் சொன்னதுதான் சரியான வழி. ஷார்ப்னர் முனை குட்டை. படம் வரைகிறவர்களுக்கு வேண்டியது நீள முனை, மரச்சரிவு 2 செ.மீ. அளவுக்கு, அதற்கு அப்பால் குச்சி மட்டும் 1 செ.மீ. வெளியே நிற்க வேண்டும். பென்சிலைச் சாய்த்துப் பிடித்து அந்தக் குச்சியின் பக்கவாட்டால் தேய்த்தால் அகலமான நிழல் விழும், நிமிர்த்தினால் மயிரிழைக் கோடு. இதைச் செய்ய வீட்டுக் கத்தி வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் தகட்டை உடைத்து உடைத்துப் புதிதாக்கிக்கொள்கிற பேப்பர் கட்டர் கிடைக்கிறதே, அது போதும். சவரப் பிளேடைப் பாதியாக உடைத்துச் சீவினவர்கள்தான் நாமெல்லாம், இருந்தாலும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வேண்டாம், பின்பக்கமும் கூர், பிடிக்க இடமே கிடையாது. முதலில் சில மாதம் நீங்கள் சீவிக் கொடுங்கள்.

சீவுகிற விதம்: கத்தி பிடித்த கை அசையாது. பென்சில் பிடித்த கையின் கட்டைவிரலைத் தகட்டின் முதுகில் வைத்து அதுதான் மெல்ல முன்னால் தள்ள வேண்டும். ஒரு தள்ளு, பென்சிலைக் கொஞ்சம் உருட்டு, இன்னொரு தள்ளு. மரத்தை மட்டும் எடுங்கள், குச்சியில் தகடு பட்டதும் அழுத்தத்தை விட்டுவிடுங்கள். மரம் சீவலாக வராமல் பிளந்து உள்ளே போனால் இழை எதிர்த்திசையில் ஓடுகிறது, அந்த முகத்தில் இன்னும் மெல்லிசாக எடுக்க வேண்டும். நம் ஊர்ப் பென்சில்கள் பெரும்பாலும் பாப்லர் மரம், காஷ்மீரின் புல்வாமா பக்கம் இருந்து பலகையாக அறுத்து வருகிறது, மெதுவான மரம்தான், ஆனால் சில பென்சிலில் இழை கோணலாக இருக்கும். வெளிநாட்டு விலைப் பென்சில்களில் இருக்கும் சிடார் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வரும், அதை நினைத்து ஏங்க வேண்டாம்.

மரம் முடிந்ததும் குச்சியைக் கத்தியால் கூராக்க வேண்டாம். 400 நம்பர் வாட்டர் பேப்பரில் ஒரு துண்டை அட்டையில் ஒட்டி, குச்சியைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து உருட்டிக்கொண்டே முன்னும் பின்னும் இழுத்தால் ஊசி முனை வரும். அந்தக் கறுப்புப் பொடியைக் கொட்டாதீர்கள், டப்பாவில் சேர்த்து வைத்தால் பஞ்சில் தொட்டு வானம், நிழல் எல்லாம் பூசலாம்.

மரத்தூள்:

டூல்ரூம் அண்ணாவுக்கு வணக்கம், காலால் மிதிக்கிறவரைப் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், எங்கள் ஊரில் இப்போது மோட்டார்காரர்தான் வருகிறார்.

அடுப்படிவாசி, வாட்டர் பேப்பர் தாராளமாக. கிரானைட் துண்டோ பழைய தரை டைல்ஸோ கண்ணாடியோ, சமமாக எது இருந்தாலும் அதன் மேல் தண்ணீர் தெளித்துப் பேப்பரை ஒட்டினால் தானே பிடித்துக்கொள்ளும். ஆனால் கத்தியை இழுக்க மட்டும் செய்யுங்கள், முனையைப் பின்னால் விட்டு முதுகு முன்னால் போகிறபடி. கல்லில் இரண்டு திசையும் ஆகும், பேப்பரில் முனையை முன்னால் தள்ளினால் பேப்பரைக் கிழித்துக்கொண்டு போகும். நம்பர் ஒன்றல்ல. ஜப்பான் கல் நம்பருக்கு ஒரு அளவுகோல், நம்பருக்கு முன்னால் P என்று போட்ட பேப்பருக்கு வேறு அளவுகோல். பேப்பரில் 2000 என்பது ஜப்பான் கல்லில் 1000க்கும் 1200க்கும் பக்கத்தில் வரும். ஆகவே 600, 1000, 2000 மூன்று தாள் வாங்கினால் காய்கறிக் கத்திக்கு அதுவே போதும், சொல்லப்போனால் பலருக்குக் கல்லே தேவைப்படாது. கல் வந்த பிறகும் பேப்பரைத் தூக்கிப்போடாதீர்கள். கல் நடுவில் குழி விழும், குழி விழுந்த கல்லில் சாய்வு நிற்காது, அப்போது 220 நம்பர் வாட்டர் பேப்பரைக் கிரானைட்டில் விரித்துக் கல்லையே அதில் தேய்த்து மட்டமாக்க வேண்டும். பென்சிலால் கல் முழுக்கக் கட்டம் போட்டுவிட்டுத் தேய்த்தால் எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும், கோடு அழியாத இடம் பள்ளம்.

நீலத் திட்டு விழுந்த இரும்புக் கத்தியைப் பட்டறைக்கே எடுத்துப் போங்கள், அடித்துத் திரும்பப் பதம் போட்டுத் தருவார். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி என்றால் நல்ல எஃகு, தூக்கிப்போட வேண்டிய சாமான் இல்லை.

அரிவாள்மணையைக் கல்லுக்குக் கொண்டுபோகக் கூடாது, கல்லை அதனிடம் கொண்டுபோக வேண்டும். கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, கார்பரண்டம் கல்லைக் கையில் பிடித்து, வளைவின் அடியில் இருந்து மேலே, சாய்வு உள்ள பக்கம் மட்டும். மறுபக்கம் பிசிறு எடுக்க மட்டும் படுக்க வைத்து ஒரு தடவல். மேலே தேங்காய் துருவுகிற பல் இருந்தால் அதற்கு முக்கோண அரம், ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு தடவை. எல்லாம் முடிந்ததும் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தொட்டுத் துடையுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே துரு.

டூல்ரூம்:

கத்தரிக்கோலை யாராவது இந்த வழியில் தீட்டிவிடப் போகிறார்கள், அதற்காக எழுதுகிறேன். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசுகிற உட்பக்கத்தைத் தொடவே கூடாது. அங்கே லேசான குழிவு வைத்திருப்பார்கள், அதைத் தேய்த்து மட்டமாக்கினால் துணி நடுவில் மடிந்து உள்ளே போகும். வெளிச்சரிவில் மட்டும் தேய்க்க வேண்டும். தையல் கத்தரி என்றால் அதையும் வீட்டில் செய்யாதீர்கள்.

அடுப்படிவாசி:

பெரிய எவர்சில்வர் கத்தியை வாட்டர் பேப்பரில் போட்டேன். பிசிறு என்பது என்னவென்று கையில் தட்டினதும் புரிந்துவிட்டது. டியூப்லைட்டில் பார்த்தால் எங்கும் கோடு இல்லை, நுனியில் மட்டும் அரை அங்குலத்துக்கு வெள்ளையாக மின்னுகிறது. அங்கே எவ்வளவு தேய்த்தாலும் பிசிறு வருவதாக இல்லை.

மரத்தூள்:

நுனி வளைந்து மேலே ஏறுகிறது, நீங்கள் கையை ஒரே மட்டத்தில் வைத்து இழுக்கிறீர்கள், அந்த இடம் பேப்பரைத் தொடவே இல்லை. இழுத்துக்கொண்டு வரும்போது வளைவு தொடங்கும் இடத்தில் இருந்து பிடியை மெல்ல மேலே தூக்குங்கள், முழங்கையோடு சேர்த்து. மார்க்கரை நுனிக்கு மட்டும் பூசிப் பார்த்தால் எவ்வளவு தூக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். 600இல் இருந்து ஆரம்பியுங்கள், 2000இல் நாள் முழுக்கத் தேய்த்தாலும் அந்த வெள்ளை போகாது.